பதினெட்டு, ஒன்பது, ஆறு

திங்கட்கிழமை காலை ஐந்தரை மணி பஸ்ஸில் என் கணவர் ஓகுஸ்தேன் பாண்டிச்சேரிக்குப் போகிறார். அங்கே கோன்சுலாவில், அதாவது பிரெஞ்சுத் தூதரகத்தில், மூன்று பேர் பிரெஞ்சு தேசத்துக்குக் குடிபோகும் விண்ணப்பங்களைக் கொடுக்க வேண்டும். அவருடையதிலும் என்னுடையதிலும் கையெழுத்தாகிவிட்டது. அவர் தங்கை ஒதெத் மட்டும் புதன்கிழமை சாப்பாட்டு மேசையில் பேனாவைத் தள்ளிவைத்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சொல்றேண்ணே" என்றாள். இந்தத் தொடரில் போன வாரம் நான் நிறுத்திய இடம் அதுதான்.

காரணத்தையும் அவள் அப்போதே சொல்லியிருந்தாள். மாதாகோயில் பக்கம் கடிகாரக் கடை வைத்திருக்கும் பூமிநாதன் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து அண்ணனைப் பார்ப்பார். வரும்போது அவளுடைய பொம்மைக் கடைக்குத் தன் கையால் ஒரு கல்லா மேசை செய்து எடுத்து வருவார்.

அது 1978. அன்று எங்கள் கூடத்தில் இருந்த நாலு பேரில் இன்று நான் ஒருத்திதான் மிச்சம். சந்தேகம் வந்தால் கேட்டுத் திருத்திக்கொள்ள ஆள் இல்லை. நினைவில் நிற்கிறபடி எழுதுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஒதெத் கூடத்து மேசையில் பழைய செய்தித்தாளை விரித்துக் கடையை எடுத்து வைத்தாள்.

கடை என்றால் ஒரு மரப்பெட்டி. பீங்கான் சாமான் வந்த பெட்டி. முன்பக்கப் பலகையை எடுத்துவிட்டுப் படுக்கவைத்தால் நாற்பது சென்டிமீட்டர் அகலம், இருபத்தெட்டு உயரம். பிரெஞ்சு தேசத்தில் தூலோனில் இருக்கும் எங்கள் மகன் ழாக் அனுப்பிய பத்திரிகை ஒன்றில் பொம்மைக் கடைகளின் படம் வந்திருந்தது. தொப்பிக் கடை, கேக் கடை, பூக்கடை. ஒதெத் அதை இரண்டு நாள் புரட்டினாள். மூன்றாம் நாள், "இதுல போய் நாம என்னத்த வாங்குறது அண்ணி" என்று சொல்லி, மளிகைக் கடை போட ஆரம்பித்துவிட்டாள். அது ஆயிற்று நாலு வருடம்.

அடுத்த தெரு காதர் பாட்சா கடைதான் மாதிரி. கான்வென்ட்டில் கொடுத்த மரஸ்கேலை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கடையின் அலமாரி, படி, வாசல் எல்லாவற்றையும் அளந்து வந்தாள். "தங்கச்சி, அளந்து முடிச்சதும் கடையை மடிச்சு எடுத்துக்கிட்டுப் போயிடாதீங்க, எனக்குப் பொழப்பு இதுதான்" என்றாராம் காதர் பாட்சா. அளந்ததில் பத்தில் ஒரு பங்கு. அதுதான் அவள் கணக்கு. அந்தக் கணக்கில் அரிசியை அரிசியாக வைக்க முடியாது. மூட்டையில் ரவை இருந்தால் அது அரிசி. கசகசா இருந்தால் கொண்டைக்கடலை. கடுகில் காயத்துக்குப் போடும் சிவப்பு மெர்க்குரோகுரோம் தடவிக் காயவைத்தால் சின்ன வெங்காயம். மல் துணியில் தைத்த விரல் உயரச் சாக்குகளை வாய் சுருட்டி வரிசையாக வைத்திருந்தாள். உத்தரத்திலிருந்து வாழைப்பழத் தார் ஒன்று தொங்கியது. மெழுகில் செய்தது. நாற்பத்திரண்டு பழம். எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

கண்ணாடி ஜாடிகளுக்கு மூடியாகக் கைக்கடிகாரத்தின் பல்சக்கரங்கள். அவை பூமிநாதன் கடையிலிருந்து சின்னச் சின்ன உறைகளில் வந்தவை. அப்படித்தான் பழக்கம் தொடங்கியது. அவர் பொம்மைக் கடையைப் பார்த்ததில்லை. கேட்டதைக் கொடுத்தனுப்புவார், அவ்வளவுதான்.

ஓகுஸ்தேன் பைஜாமாவோடு வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"கடை திறந்தாச்சா? சக்கரை ஒரு கிலோ போடும்மா."

"ரேஷன் கார்டு இருக்கா?"

"நாங்க பிரெஞ்சுக்காரங்க. எங்களுக்கு ஏது கார்டு?"

"அப்ப சக்கரை இல்லைங்க முசே. அடுத்தவங்களுக்கு வழி விட்டு நில்லுங்க."

அவர் சிரித்துக்கொண்டே நகர்ந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் சார்ஜென்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தங்கையிடம் மட்டும் அவருக்குக் கோபம் வராது. ஆனால் மூன்று பேர் என்று எழுதிவிட்டால் மூன்று பேர்தான். ழாக் அங்கே மூன்று அறையுள்ள வீடு பார்த்துவிட்டான். அவன் மனைவி ஷர்லோத்துக்கு டிசம்பரில் பிரசவம்.

ஒதெத்துக்கு அப்போது நாற்பத்தொரு வயது. கணவர் எமில் இறந்து ஒன்பது வருடம். பிள்ளை இல்லை. எமில் கெட்டவர் இல்லை. வீட்டை மாற்றுவார், மாற்றிய பிறகு சொல்வார். அவளுடைய தையல் மிஷினை விற்றுவிட்டு வந்து, நல்ல விலை கிடைத்தது என்று சொன்னவர். பூமிநாதனைப் பற்றி அவள் என்னிடம் சொன்னதும் ஒரே ஒரு விஷயம்தான். "ஒரு சக்கரம் குடுக்கறதுக்குக்கூட, இது போதுமா, இன்னும் மெல்லிசா வேணுமான்னு கேட்டுட்டுத்தான் குடுக்கறார் அண்ணி."

எனக்கு அவள் வர வேண்டும் என்று இருந்தது. அதை மறைக்க இப்போது காரணமில்லை. ஒதெத் பிரெஞ்சுப் பள்ளியில் பிரெவே பரீட்சை வரை படித்தவள். நான் தமிழ்ப் பள்ளிக்கூடம். பிரெஞ்சில் எனக்கு ரொட்டி வாங்கத் தெரியும், ஜெபம் சொல்லத் தெரியும். மருமகளோடு பேச வேண்டும் என்றாலும், டாக்டரிடம் எனக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்ல வேண்டும் என்றாலும், எனக்கு வாய் ஒதெத்துதான். அவள் இல்லாமல் அங்கே நாலாவது மாடியில் ஒரு ஜன்னலை நினைத்துப் பார்ப்பேன். அதன் முன்னால் நான் உட்கார்ந்திருப்பேன்.

மதியம் மீன் குழம்பு. ஒதெத் சரியாகச் சாப்பிடவில்லை. கடையில் கல்லா மேசைக்கு விட்டிருந்த இடத்தைத் துணியால் இரண்டு முறை துடைத்தாள்.

நாலு மணிக்குச் சைக்கிள் சத்தம் கேட்டது.

பூமிநாதன் வெள்ளைச் சட்டை, சலவை வேட்டி. நாற்பத்தாறு வயது இருக்கும். நெற்றியில் திருநீறு வழக்கம்போல இருந்தது. எங்கள் வீட்டுக்கு வருவதால் அழித்துவிட்டு வருவார் என்று நான் நினைத்திருந்தேன். கேரியரிலிருந்து துண்டில் கட்டிய ஒரு மூட்டையை அவிழ்த்து, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

அதன் அளவைப் பார்த்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. மற்ற இருவருக்கும் புரியவில்லை. பத்திரமாகக் கொண்டுவரப் பெரிய பெட்டியில் வைத்திருக்கிறார் என்று ஒதெத் நினைத்திருக்கிறாள். பிறகு சொன்னாள்.

"வாங்க, உக்காருங்க" என்றார் ஓகுஸ்தேன். "சொந்த ஊரு எது?"

"நாகப்பட்டினம் சார். கடை வச்சுப் பன்னெண்டு வருஷம் ஆகுது இங்க."

"அப்பாவுக்கும் கடிகாரம்தானா?"

"இல்லைங்க. தச்சு வேலை. கடைசி வரைக்கும் உளியோடதான் இருந்தாரு."

"நல்லது. அதைப் பிரிங்க, பாப்போம். என் தங்கச்சி காலையிலேருந்து அந்த இடத்தைத் துடைச்சே பெட்டியை ஓட்டை போட்டுட்டா."

பூமிநாதன் துண்டைப் பிரித்தார்.

இவ்வளவு நல்ல வேலையை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. திருவேட்டக்குடியில் பிரித்துப் போட்ட படகின் பலகை என்றார். இழைத்து இழைத்துத் தேன் நிறத்துக்குக் கொண்டுவந்திருந்தார். மூன்று இழுப்பறை. ஒவ்வொன்றிலும் பித்தளைக் குமிழ், கடிகாரச் சாவியிலிருந்து வெட்டியது. மேல்பலகையில் சில்லறை போட ஒரு பிளவு. எல்லாம் சரியாக ஒன்றரை அடி நீளம்.

கடையின் பக்கத்தில் அதை வைத்தார். கடையைவிட மேசை நீளமாக இருந்தது.

முதலில் ஓகுஸ்தேனுக்குத் தோள் குலுங்கியது. அடக்கப் பார்த்தார். முடியவில்லை.

"மன்னிச்சுக்குங்க பூமிநாதன். இந்தக் கடைக்கு முதலாளி யாரு, கும்பகர்ணனா?"

பூமிநாதன் அதைக் காதில் வாங்கவில்லை. அவர் பெட்டிக்கு முன் குனிந்து, அப்படியே முழங்காலில் உட்கார்ந்துவிட்டார். லென்ஸ் வைத்துப் பார்க்கிற கண் அது. ஒவ்வொரு சாக்காகப் பார்த்தார்.

"கடுகுங்களா இது?"

"சின்ன வெங்காயம்" என்றாள் ஒதெத்.

"ஆமா. வெங்காயம்தான்." அவர் எழுந்தார். முகம் சிவந்திருந்தது. "பொம்மைக் கடைன்னு சொன்னீங்க. நான் கொலுவுல வைக்கிற கடைன்னு நெனச்சுட்டேன். எங்க வீட்டுக் கொலுவுல செட்டியாரே ஒரு முழம் இருப்பாரு."

"அளவு எழுதிக் குடுத்தேனே."

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். ஒதெத்தின் கையெழுத்து. நீளம் பதினெட்டு, உயரம் ஒன்பது, அகலம் ஆறு. பக்கத்தில் வேறு எதுவும் இல்லை.

ஓகுஸ்தேன் எடுத்துப் பார்த்தார். "சென்டிமீட்டர்னு போடலையே நீ."

"நம்ம வீட்ல வேற எந்த அளவு இருக்குண்ணே?"

"கடிகாரம்னா மில்லிமீட்டருங்க" என்றார் பூமிநாதன். "மரம்னா எனக்கு அங்குலம்தான் வரும். எங்கப்பாவோட அடிக்கோல்தான் இன்னைக்கும் வச்சிருக்கேன்."

ஒதெத் மேசையின் ஓர் இழுப்பறையை இழுத்தாள். சத்தமில்லாமல் வந்தது. மறுபடி உள்ளே தள்ளினாள்.

"சந்தேகம் வந்திருக்கும்ல" என்றாள். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. நீங்க கேக்காம செய்யற ஆளுன்னு நான் நெனைக்கல."

கோபமாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் பரவாயில்லை.

பூமிநாதன் என்னைப் பார்த்தார்.

சீட்டைக் கடைக்குக் கொண்டுபோனது நான். அதற்குப் பதினைந்து நாள் முன்பு, மார்க்கெட்டுக்குப் போகிற வழியில். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். "அங்குலம்தானேம்மா?" என்று கேட்டார். நான், "எழுதியிருக்கிறபடி செஞ்சிடுங்க" என்றேன். தெரியாமல் சொன்னேன் என்று இப்போது எழுதினால் மறுக்க ஆள் இல்லை. தெரிந்துதான் சொன்னேன். பெரிய சதி என்று எதுவும் மனதில் இல்லை. ஒரு பொருள் சரியாக வராமல் போகட்டும், அவ்வளவுதான். அந்த ஒன்று சரியாக வராவிட்டால் மற்றதும் தள்ளிப்போகும் என்று நினைத்தேன்.

அவர் பார்வை என் மேல் நின்றது ஒரு நொடிதான்.

"கேட்டிருக்கணும்ங்க" என்றார் ஒதெத்திடம். "தப்பு என்னோடதுதான்."

துண்டை உதறி மறுபடி மேசையின் மேல் போட ஆரம்பித்தார்.

ஓகுஸ்தேன் இப்போது சிரிக்கவில்லை. அவர் நல்லவர், அடுத்தவர் அவமானப்படுவதைப் பார்க்கப் பிடிக்காது. "பரவாயில்லை, காபி சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார். ஒதெத் அலமாரிக்குப் போனாள். தாள் கட்டை எடுத்து வந்தாள். தன் விண்ணப்பத்தை உருவி, கடைக்கும் மேசைக்கும் இடையில் கிடந்த கொஞ்சம் இடத்தில் வைத்தாள்.

"எங்க போடணும்ணே?"

"கீழ. தேதிக்குப் பக்கத்துல."

"இப்பவே போட்டுடறேன். காலையில உங்களுக்கு அவசரம்."

அவர் பேனா மூடியைக் கழற்றிக் கொடுத்தார். அவள் குனிந்தாள். முதல் எழுத்தைப் போட்டாள். வட்டமாக, கான்வென்ட்டில் கற்றுக்கொடுத்த மாதிரி.

"கேட்டாரு" என்றேன்.

ஒதெத் நிமிர்ந்தாள். "யாரு?"

"இவருதான். அங்குலமான்னு என்கிட்ட கேட்டாரு. நான் சொல்லல."

வெளியே யாரோ ஐஸ்காரனைக் கூப்பிட்டார்கள்.

"மறந்துட்டீங்களா அண்ணி?"

ஆமாம் என்று சொல்ல அவள் எனக்கு வழி விட்டாள். அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை.

"இல்ல."

அவள் என்னை ஏன் என்று கேட்கவில்லை. கேட்பாள் என்று காத்திருந்தேன். பூமிநாதன் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நீங்க ஏன் சொல்லல?"

"அவங்களே சொல்லட்டும்னு இருந்தேன்."

"சொல்லாம விட்டிருந்தா?"

"என் தப்பாவே இருந்துட்டுப் போகுதுன்னு..."

"நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். அடுத்த மாசம் ஏரோப்ளேன்ல உக்காந்திருப்பேன். நீங்க இங்க தப்பை வச்சுக்கிட்டு இருந்திருப்பீங்க."

"அதை யோசிக்கலைங்க" என்றார் அவர்.

"இனிமே யோசிங்க."

துண்டை அவள்தான் எடுத்தாள். மடித்து நாற்காலியில் போட்டாள். மேசையின் விளிம்பில் விரலை ஓட்டிக்கொண்டே கேட்டாள்.

"இந்த மேசைக்கு ஏத்த கடை பண்ணணும்னா எவ்வளவு பெருசு வரும்?"

அவர் பெட்டியைப் பார்த்தார். இந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இருந்தது. முகம் தெளிந்தது.

"உங்க சென்டிமீட்டர் ஒண்ணுக்கு என் அங்குலம் ஒண்ணுன்னு வச்சுக்கிட்டாப் போதும், எல்லாம் அப்படியே வந்துடும். முன்பக்கம் நாப்பது அங்குலம். மூணு அடி, மேல நாலு அங்குலம். உயரம் ரெண்டே கால் அடிக்குக் கொஞ்சம் கூட."

"வெங்காயத்துக்கு?"

"கடுகு பத்தாது. மிளகு."

"அரிசிக்கு?"

"நொய்யி. சலிச்சு எடுக்கணும்."

"தார்?"

"தாரு நீங்கதான் பண்ணணும். அது எனக்கு வராது."

"எல்லாம் முடிய எவ்வளவு நாளாகும்?"

பூமிநாதன் உதட்டை அசைத்து உண்மையாகவே கணக்குப் போட்டார். அலமாரி, தராசு, படி, டின்கள், விளக்கு என்று விரல் மடங்கிக்கொண்டே போயிற்று. ஓகுஸ்தேனும் நானும் நின்றுகொண்டு அதைப் பார்த்தோம்.

"மாசத்துக்கு ரெண்டு உருப்படி முடிச்சாலும்," என்றார், "ஆறு வருஷம் ஆகும்ங்க."

"அவசரமாப் பண்ணா?"

"அவசரமாப் பண்ணா ஒட்டு தெரியும்."

ஒதெத் பேனா மூடியைத் தேடினாள். அது அண்ணன் கையில் இருந்தது. கையை நீட்டினாள். அவர் கொடுத்தார். மூடியைப் போட்டுப் பேனாவை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்கு இந்தத் தாள் வேண்டாம்ணே."

ஓகுஸ்தேன் அந்த ஒற்றை எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தாளைக் கிழிப்பார் என்று பயந்தேன். நாலாக மடித்து அவள் கையில் வைத்தார்.

"மாதாகோயில் சாமியார் ஆயிரம் கேள்வி கேப்பாரு" என்றார் பூமிநாதனிடம். "அவருக்கு ஒரு பதில் வச்சுக்குங்க. உங்க சொந்தக்காரங்களுக்கும் ஒரு பதில் வச்சுக்குங்க. அதுல என்னால ஆகறது எதுவும் இல்ல."

"சரிங்க சார்."

"சார் வேண்டாம். வேற ஏதாவது யோசிங்க."

காபி குடித்தார்கள். பூமிநாதன் வெறும் துண்டோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். ஒதெத் வாசல் வரைக்கும் போனாள். திரும்பி வந்தவள் என்னைத் தாண்டித் தன் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தவில்லை. என்னோடு பேசவும் இல்லை. அவள் என்னோடு மறுபடி பேச எத்தனை நாள் ஆயிற்று என்பது தனிக் கதை.

நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போக இருந்தேன்.

"மார்கெரித்."

ஓகுஸ்தேன் தாள் கட்டை மேசைமேல் பிரித்து வைத்திருந்தார். இரண்டு விண்ணப்பங்கள் மிச்சம் இருந்தன.

"அங்க போறதுக்கு உனக்கு அவ்வளவு பயமா?"

நான் டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினேன்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீங்க கையெழுத்துப் போடச் சொன்னீங்க. போட்டேன்."

அவர் என் விண்ணப்பத்தை மட்டும் தனியாக எடுத்தார். என் கையெழுத்து தமிழில் இருந்தது, ஓரத்தில் கொஞ்சம் மசி ஈஷியிருந்தது. அதை என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"சரி. இப்பக் கேக்கறேன். நீ வர்றியா, வரலையா?"

கல்யாணமாகி இருபத்தேழு வருடம். அவர் என்னிடம் ஒன்றைக் கேட்டுவிட்டுப் பதிலுக்காக நின்று நான் பார்த்ததில்லை. டம்ளர்களைக் கீழே வைத்தேன். அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"உக்காருங்க" என்றேன். "அது ஒரு வார்த்தையில சொல்ல முடியாது."